பனங்காடும் வலையும் எரிந்துபோனால் இழப்பீடு கேட்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம். கச்சான் காற்று ஓங்கி வீசிய ஒரு மதியம் சீமைக்கருவேலங்காட்டில் பிடித்த தீ பனங்காட்டுக்குள் புகுந்துவிட்டது. பனைகள், இரண்டு ஓலைக் கொட்டகைகள், உள்ளே அடுக்கியிருந்த வலைகள், பட்டியில் கிடந்த ஆடுகள் எல்லாம் போயின. மேலே போகும் மின்கம்பிகள் உரசிப் பொறி விழுந்ததைக் கண்டதாகச் சிலர் சொல்கிறார்கள். பக்கத்துக் கரிமூட்டத்திலிருந்துதான் பரவியது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். குடிசைக்கு 8,000 ரூபாய் வந்திருக்கிறது. மீதி நஷ்டத்தை யாரிடம், எந்தக் காலத்துக்குள், எப்படிக் கேட்பது?

முதலில் அந்த 8,000 ரூபாயைப் பற்றி. அது நிவாரணம், இழப்பீடு அல்ல. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஒரே அளவுகோலில் எல்லோருக்கும் கொடுப்பது. 2022-26க்கான விதிமுறைப்படி குடிசைக்கு 8,000, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, உடுதுணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய். தீ யாரால் வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதை வாங்கியதால் தீக்குக் காரணமானவர் மீதுள்ள உங்கள் உரிமை போய்விடாது. “அதான் கவர்மென்ட் பணம் வாங்கிட்டீங்களே” என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல. நிவாரணத்திலேயே விடுபட்டவை இருந்தாலும் (ஆடுகளுக்கும் துணிமணிக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்) அதைக் கேட்டு வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இழப்பீடு வேறு பாதை. அதில் ஒன்றை நிலைநாட்ட வேண்டும்: தீ எங்கிருந்து வந்தது. மின்கம்பி சம்பந்தப்பட்ட விபத்துகளில் நம் சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கும் ஷைல் குமாரிக்கும் நடந்த வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மின்சாரம் போன்ற ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர், அலட்சியம் இருந்ததோ இல்லையோ, அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு. யாரோ திருட்டு மின்சாரம் எடுக்கக் கம்பி இழுத்ததால் நடந்தது என்று வாரியம் சொன்ன சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது உயிரிழப்பு வழக்கு. ஆனால் இந்தக் கடும் பொறுப்புக் கொள்கை 1868-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ரைலண்ட்ஸ் வழக்கில் பிறந்ததே சொத்துச் சேதத்துக்காகத்தான். எனவே பனைக்கும் வலைக்கும் அதைச் சொல்லலாம்.

ஆனால் இந்தக் கொள்கை அலட்சியத்தை நிரூபிக்கும் சுமையைத்தான் இறக்கிவைக்கிறது. தீ அந்தக் கம்பியிலிருந்துதான் வந்தது என்று காட்டும் சுமை உங்கள் தலையில் அப்படியே இருக்கும். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் தோற்கின்றன. நஷ்டம் உண்மை, கண்ணீர் உண்மை, ஆனால் காகிதத்தில் “தீப்பிடித்த காரணம் தெரியவில்லை” என்று இருக்கும். இரண்டு வருடம் கழித்து அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் முடித்துவிடுவார்.

கலிஃபோர்னியாவில் 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரையே எரித்த காட்டுத்தீயின் பெயரை இழப்பீட்டுப் பேச்சில் பலர் எடுக்கிறார்கள். பிஜி அண்ட் இ என்ற மின் நிறுவனம் 1,350 கோடி டாலருக்கு உடன்பட்டது உண்மை. அந்நிய நாட்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால் அதில் நமக்கொரு பாடம் உண்டு. ஏறக்குறைய நூறு வருடப் பழைய மின்கோபுரத்தில் இன்சுலேட்டரைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து அறுந்ததே தீக்குக் காரணம். விசாரணை அதிகாரிகள் அந்தக் கொக்கியையே கைப்பற்றிப் பத்திரப்படுத்தினார்கள். பொருள் கையில் இருந்ததால் காரணத்தை மறுக்க முடியவில்லை. நம் ஊரில் மின்தடை என்றதும் ஆட்கள் வந்து கம்பியை மாற்றிக் கட்டி அன்று மாலையே சப்ளை கொடுத்துவிடுவார்கள். அது அவர்கள் கடமை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஆதாரமும் அந்தக் கம்பித் துண்டோடு வண்டியேறிப் போய்விடும்.

எனவே முதல் மூன்று நாள் வேலையை விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு நாள் கடந்திருந்தாலும் இதில் பாதியை இப்போதும் செய்யலாம்.

கம்பியை முதலில் பாருங்கள், தூரத்திலிருந்து. இரண்டு கம்பிகள் காற்றில் மோதினால் மோதிய இடத்தில் அலுமினியம் உருகிக் கரும்புள்ளியும் சின்ன முண்டும் விழும். நேர் கீழே காய்ந்த புல்லில் உருகிய அலுமினியத் துளிகள் வெள்ளை மணிபோலக் கிடக்கும். கைபேசியை ஜூம் செய்து கம்பியைப் படமெடுங்கள். துளிகளைப் பொறுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டுக் காவல்துறை வரும்வரை விடுங்கள். கடலோரத்துக் கம்பிகளுக்குத் தனி நோய்கள் உண்டு. உப்புக் காற்றில் அலுமினியக் கம்பியின் நடுவே ஓடும் இரும்புப் புரி துருப்பிடித்து அறுகிறது. இன்சுலேட்டர் மேல் உப்புப் படிந்து, பனி விழும் அதிகாலையில் பொறி தட்டுகிறது. கம்பியையும் கம்பியையும் இணைக்கும் ஜம்பர் தளர்ந்து நெருப்புக் கக்குகிறது. இவற்றில் எதன் அடையாளம் தெரிந்தாலும் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு சேர்த்துப் படமெடுங்கள்.

கம்பி தொங்கிக்கொண்டிருந்ததா என்பதும் முக்கியம். தெருவல்லாத இடத்தில், 11 கிலோவோல்ட் வரை போகும் உறையில்லாத கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. அதை அளக்கிறேன் என்று கம்போ டேப்போ நீட்டாதீர்கள், உயிர் போகும். உயரம் தெரிந்த ஒருவர் கம்பத்தருகே நிற்க, பக்கவாட்டில் தள்ளி நின்று கம்பி முழுதும் தெரியும்படி எடுத்த படம் போதும். அளப்பது பொறியாளர் வேலை.

அடுத்தது தீ ஓடிய திசை. எரிந்த காட்டில் நடந்தால் தரை பேசும். காற்றோடு ஓடிய தீ, பனந்தூரில் காற்று வந்த பக்கத்தைவிட மறுபக்கத்தில் உயரமாகக் கரியேற்றும். கச்சான் மேற்கிலிருந்து அடித்திருந்தால் கிழக்குப் பக்கக் கரி மேலே ஏறியிருக்கும். தீ தொடங்கிய இடத்தில் எரிப்பு லேசாகவும் தாழ்வாகவும் இருக்கும், போகப் போகக் கொண்டைவரை ஏறியிருக்கும். பத்துப் பதினைந்து மரங்களை இரண்டு பக்கமும் படமெடுத்து, ஒரு தாளில் காடு, மின்கம்பம், கரிமூட்டம், கொட்டகை, வடக்குக் குறி எல்லாம் போட்டு வரைந்து வையுங்கள். கம்பிக்கா மூட்டத்துக்கா என்ற உங்கள் ஊர்ச் சண்டைக்கு இந்தப் படமே பாதி விடை. மூட்டம் பனங்காட்டைத் தாண்டி, காற்று போகும் பக்கம் இருந்தால் அங்கிருந்து தீ எதிர்க்காற்றில் ஏறி வந்தது என்று சொல்வது கடினம். காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதற்கு வானிலை ஆய்வுத் துறையின் பாம்பன், தொண்டி நிலையப் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். நாசாவின் ஃபிர்ம்ஸ் இணையதளத்தில் அந்த நாளின் செயற்கைக்கோள் தீப்புள்ளிகள் இலவசமாகக் கிடைக்கும். சிறு தீ அதில் விழாமலும் போகலாம். விழவில்லை என்பதால் தீயே இல்லை என்றாகாது.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறவர்கள் பலர். அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் போய்விடும். மூலப் படம் இருக்கும் கைபேசியை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு மூலக் கருவி யாருடையது என்று சொல்ல முடிய வேண்டும்.

இனி காவல் நிலையப் புகார். எழுதும் வாசகம்தான் உயிர். “எதிர்பாராதவிதமாகத் தீப்பிடித்து” என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை நீங்களே மூடுகிறீர்கள். கண்டதைக் கண்டபடி, ஊகத்தைக் கலக்காமல் எழுதுங்கள். இப்படி: “இன்ன தேதி மதியம் சுமார் 1.20 மணிக்கு, இன்ன சர்வே எண் நிலத்தின் மேலே செல்லும் மின்பாதையில், இன்ன எண் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையே கம்பிகள் காற்றில் உரசிப் பொறி விழுந்ததை இன்னாரும் இன்னாரும் நேரில் பார்த்தனர். பொறி விழுந்த இடத்திலிருந்து காய்ந்த புல் பற்றி, மேற்கிலிருந்து கிழக்காகத் தீ பரவியது. சம்பந்தப்பட்ட கம்பித் துண்டுகளையும் உருகிய உலோகத்தையும் கைப்பற்றி ஆய்வுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.” நேரில் பார்த்தவர் இல்லையென்றால் பார்த்ததாக எழுதாதீர்கள். கைப்பற்றும் அதிகாரம் காவல்துறைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. நெருப்பை அலட்சியமாகக் கையாண்டது புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 287-இல் வரும். வேண்டுமென்றே வைத்த தீ என்றால் 326. புகாரை வாங்கினால், வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வேண்டும். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றம்.

தீயணைப்பு நிலையத்தில் தீ அறிக்கை கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வண்டி வந்தபோது சொன்னதை வைத்தே காரணம் எழுதப்படும். பதற்றத்தில் யாரோ “தெரியலைங்க” என்றிருந்தால் அதுவே பதிவாகியிருக்கும். உடனே சாட்சிகளின் வாக்குமூலத்தை மனுவோடு கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டியே வரவில்லை, ஊரார் அணைத்தார்கள் என்றால் அறிக்கை கிடைக்காது. 112-க்கோ 101-க்கோ அழைத்த பதிவு உங்கள் கைபேசியில் இருக்கும், அதைப் படமெடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் இடத்தைப் பார்த்து எழுதும் மகஜரில் கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பொருள் பட்டியலில் வலை விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சேர்ப்பது மலையைப் புரட்டுகிற வேலை.

ஆடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாதது. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவு, மின்பாதை தொடர்பான விபத்தில் மனித உயிரோ விலங்கு உயிரோ போனால், காயம்பட்டால், மின்பாதைக்கு உரியவர் மின் ஆய்வாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. வெறும் பனை மட்டும் எரிந்திருந்தால் இந்தப் பிரிவு வராது. ஆடு செத்திருப்பதால் வருகிறது. மின் ஆய்வுத் துறை மின்வாரியத்தின் கீழ் இல்லை, அரசின் தனித் துறை. அதன் மாவட்ட அலுவலருக்கு நீங்களே மனு கொடுத்து விசாரணை கேளுங்கள். அவர் அறிக்கையில் கம்பி தாழ்வாக இருந்தது, கிளை வெட்டவில்லை, ஜம்பர் தளர்ந்திருந்தது என்று ஒரு வரி வந்துவிட்டால் உங்கள் வழக்கு பாதி தூரம் வந்துவிட்டது. இதற்காகவே ஆடுகளைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை அழைத்து உடற்கூறு சான்று வாங்க வேண்டும். நாற்றம் வரும் என்று அன்றே புதைத்துவிட்டு, பிறகு “ஏழு ஆடு” என்றால் நிவாரணமும் குறையும், சாட்சியமும் போகும். ஏற்கெனவே புதைத்திருந்தால் காதுவில்லை எண், இன்ஷூரன்ஸ், தடுப்பூசிப் பதிவு எதுவாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்க வேண்டியவை: சம்பந்தப்பட்ட துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடரின் (அங்கிருந்து கிளம்பும் மின்பாதையின்) அன்றைய ட்ரிப்பிங் (மின்சாரம் தானே துண்டித்துக்கொண்ட நேரங்களின்) பதிவேட்டு நகல், அந்த மின்பாதைக்குக் கடைசியாக நடந்த பராமரிப்பு, கிளை வெட்டுப் பதிவு, விபத்து பற்றி உதவிப் பொறியாளர் மேலே அனுப்பிய அறிக்கை, அந்தப் பாதை குறித்து முந்தைய ஒரு வருடத்தில் வந்த புகார்கள். ட்ரிப்பிங் பதிவேடு தங்கம். மதியம் 1.20-க்குத் தீ என்கிறீர்கள், 1.18-க்கு ஃபீடர் விழுந்ததாக அவர்கள் கையெழுத்திலேயே இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. கம்பி தொங்குகிறது என்று முன்பே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் யாராவது புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

நஷ்டக் கணக்குக்கு வருவோம். பனையில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பனையின் உயிர் உச்சிக் குருத்தில். தூர் முழுதும் கரியாகி, காவோலை மட்டையெல்லாம் எரிந்து நின்றாலும், குருத்து தப்பியிருந்தால் மரம் பிழைக்கும். குருத்து வெந்துவிட்டால் தூர் பார்க்க நன்றாக இருந்தாலும் மரம் செத்ததுதான். முதல் நாளில் இரண்டும் ஒரேபோலத் தெரியும். எனவே ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் எழுதி, வடலி (இளம்பனை), பருவப்பனை (பெண்பனை), அலகுப்பனை (ஆண்பனை) என்று பிரித்து, முதல் நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என மூன்று முறை படமெடுங்கள். பச்சை விட்ட மரத்துக்குப் பருவ வருமான இழப்பு மட்டும் கேளுங்கள். செத்த மரத்துக்கு மரத்தின் மதிப்பையும், புது வடலி பலனுக்கு வரும்வரை போகும் வருமானத்தையும் கேளுங்கள். அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும். எல்லாமே செத்தது என்று எழுதிவிட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9-இன்படி நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் ஆணையர் வந்து பார்க்கும்போது பாதி மரத்தில் ஓலை விரிந்திருந்தால், மீதி உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். எரிந்த மரத்தை வெட்டி விற்றுவிடாதீர்கள். ஆதாரம் போவது ஒருபுறம் இருக்க, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது.

பனை ஒருவருக்குச் சொந்தம், ஏறுகிறவர் வேறொருவர் என்பது நம் பக்கம் சாதாரணம். மரத்தின் மதிப்பு உடைமையாளருக்கு. அந்தப் பருவத்துப் பதநீர், கருப்பட்டி வருமானமும், எரிந்த கலயம், அரிவாள், வட்டக்கொப்பரை, அடுக்கி வைத்த கருப்பட்டியும் ஏறுகிறவருக்கு. பாட்டம் (குத்தகை) வாய்ப்பேச்சாகத்தான் இருந்தது என்றாலும் இருவரும் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டு, யாருக்கு எது என்று பிரித்து எழுதுங்கள். தனித்தனியாகப் போய் ஒரே மரத்துக்கு இருவரும் கேட்டால் இரண்டு மனுவும் கிடப்பில் விழும்.

வலைக்கு ரசீது இருக்காது, இருந்ததும் எரிந்திருக்கும். ஆனால் வலை சாம்பலாகும்போது ஒன்றை விட்டுப்போகிறது: ஈயம். நைலான் உருகிக் கறுப்புக் கட்டியாகும், மிதவை கரையும், ஈயக்குண்டுகள் உருகினாலும் சாம்பலுக்குள் அப்படியே உறைந்து கிடக்கும். சாம்பலைக் கூட்டித் தள்ளாதீர்கள். மீன்வளத் துறை ஆய்வாளர் முன்னிலையில் சலித்து ஈயத்தை எடை போடுங்கள். உங்கள் வகை வலையில் ஒரு பீஸுக்கு எத்தனை கிலோ ஈயம் கோர்ப்பீர்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வகுத்தால் எத்தனை பீஸ் என்று வந்துவிடும். பக்கத்துக் கொட்டகை வலையின் ஒரு பீஸை எடை போட்டு அதையும் மகஜரில் ஏற்றுங்கள். விலைக்கு, வலை வாங்கிய கடையில் இன்றைய விலைப்பட்டியலும் உங்கள் பற்று எழுதிய பேரேட்டு நகலும் வாங்குங்கள். கட்டுமரமோ வள்ளமோ எரிந்திருந்தால் பதிவுச் சான்று, என்ஜினின் வரிசை எண் (எரிந்த என்ஜினிலும் பொறித்த எண் படிக்கும்படி இருக்கும்), டீசல் மானியப் புத்தகம்.

பட்டா இல்லாத புறம்போக்கில்தான் கொட்டகை என்று பயந்து பேசாமல் இருக்காதீர்கள். நிலம் யாருடையதாக இருந்தாலும் வலை உங்களுடையது, ஆடு உங்களுடையது. நிலத்துக்கு இழப்பீடு கேட்கவில்லை, பொருளுக்குத்தான் கேட்கிறீர்கள்.

எரிந்த சான்றுகளைப் பற்றிச் சுருக்கமாக: பட்டா, சிட்டா இணையத்தில் எடுக்கலாம். குடும்ப அட்டைக்கும் ஆதாருக்கும் இ-சேவை மையம் போதும். பள்ளிச் சான்றிதழ்கள் எரிந்திருந்தால் பேரிடரில் கல்விச் சான்று இழந்ததற்கான வருவாய்த் துறைச் சான்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் வாங்குங்கள்.

வங்கிக் கடனில் வீடோ படகோ வாங்கியிருந்தால் பாஸ்புக்கில் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் காப்பீடு இருக்கலாம். 2021 ஏப்ரலிலிருந்து வரும் பாரத் கிரிஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் காட்டுத்தீ அடங்கும். பழைய மாதிரித் தீக் காப்பீட்டில் புதர்த் தீ உண்டு, காட்டுத்தீ தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அங்கே படிவத்தில் “காட்டுத்தீ” என்று எழுதிக் கொடுப்பதே மறுக்கக் காரணமாகிவிடும். எரிந்தது சீமைக்கருவேலப் புதர் என்றால் புதர் என்றே எழுதுங்கள், அதுதான் உண்மை. “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் தொகை சம்மதமில்லாமல் கையெழுத்து வேண்டாம்.

இப்போது யார் மீது, எங்கே. தீ கரிமூட்டத்திலிருந்து என்று தெளிவானால் மூட்டம் போட்டவரும், அவருக்குக் கருவேலத்தைக் குத்தகைக்கு விட்ட நில உரிமையாளரும் பிரதிவாதிகள். மண் மூடிய மூட்டம் நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காற்று மண்ணைப் பிளந்தால் ஓட்டை வழியே தணல் பறக்கும். காவலாள் இருந்தாரா, சுற்றிலும் புல் செதுக்கியிருந்தாரா, தண்ணீர் இருந்ததா என்பவை கேள்விகள். இவரிடம் கடும் பொறுப்பைச் சொன்னாலும் அலட்சியத்தையும் சேர்த்தே நிரூபிக்கத் தயாராகுங்கள். உள்ளூர்க்காரர், கையில் அதிகப் பணம் இராது. ஊர்ப் பேச்சில் முடித்தால் அந்த உடன்பாட்டை வெறும் பத்திரத்தில் விடாமல், இராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் பதிய வையுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். பிறகு பின்வாங்க முடியாது.

மின்பாதை என்றால் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் (நாம் மின்வாரியம் என்பது). முதலில் செயற்பொறியாளருக்கும் மேற்பார்வைப் பொறியாளருக்கும் நஷ்டப் பட்டியலோடு, தொகை குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கோரிக்கை. அரசுத் துறை எதிர்வாதி என்றால் (வனத்துறை, வருவாய்த் துறை) உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-இன்படி இரண்டு மாத நோட்டீஸ் கட்டாயம். பகிர்மானக் கழகம் கம்பெனி, இருந்தாலும் நோட்டீஸ் அனுப்பிவைப்பது நல்லது.

அதன் பிறகு மூன்று வாசல்கள். உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 22-ஏ முதல் வரும் பிரிவுகளின்படி மின் வழங்கலும் காப்பீடும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகள். ஒரு கோடி ரூபாய் வரை அங்கே கேட்கலாம், நீதிமன்றக் கட்டணம் இல்லை, சமரசம் வராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். நிபந்தனை: வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போடும் முன் இங்கே வர வேண்டும். அவசரப்பட்டுச் சிவில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வாசல் மூடிவிடும். இரண்டாவது உரிமையியல் நீதிமன்றம். 2017 திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். ஆறு லட்சம் கேட்டால் 18,000 ரூபாய். கட்ட வழியில்லாதவர் கட்டளை 33-இன்படி வறியவராக வழக்குத் தொடரலாம். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் நடக்கும், வருடங்கள் ஆகும். ஆனால் காரணத்தில் சர்ச்சை இருந்தால் கடைசியில் இங்கேதான் வர வேண்டியிருக்கும். மூன்றாவது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப் பேராணை (ரிட்) மனு. மின் ஆய்வாளர் அறிக்கையே கம்பியைக் குற்றம் சொல்லியிருந்தால் மட்டும் போங்கள். கம்பியா மூட்டமா என்ற தகராறு நிற்கும்போது போனால், உண்மை விவரத் தகராறு, சிவில் நீதிமன்றம் போ என்று திருப்பிவிடுவார்கள், மாதங்கள் வீண்.

காலக்கெடுவில் கவனம். காலவரையறைச் சட்டம் 1963-இல் பொதுவான கெடு மூன்று வருடம் (அட்டவணையின் 113-ஆம் உறுப்பு). ஆனால் ஒரு சட்டத்தின் கீழ் செய்த அல்லது செய்யத் தவறிய செயலுக்கான இழப்பீட்டுக்கு ஒரு வருடம் மட்டுமே என்று அதே அட்டவணையில் 72-ஆம் உறுப்பு இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். தீ நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் என்று மனதில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். மனுக் கொடுத்துக் காத்திருக்கிறோம், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரிக்கிறார் என்பதெல்லாம் கெடுவை நிறுத்தாது. உயிரிழப்பு இருந்தால் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தில் வாரிசுகளுக்கு இரண்டு வருடம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருகிறவர்கள், பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். குடும்பத்தில் வலையோ ஆடோ பெண்ணின் பெயரில் வாங்கியது என்றால் அவரே மனுதாரராக இருக்கட்டும். “வர்ற பணத்துல பாதி எனக்கு” என்று ஒப்பந்தம் போடும் வக்கீலிடம் போகாதீர்கள். வழக்கில் பங்கு பேசுவது இந்திய வழக்கறிஞர் மன்ற விதிப்படி கூடாது. மூலப் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் தரகர்களுக்கும் அதே பதில். நகல் கொடுங்கள், மூலம் வீட்டில் இருக்கட்டும்.

தீர்ப்போ மக்கள் நீதிமன்ற ஆணையோ கையில் வந்தும் பணம் வரவில்லையென்றால், தீர்ப்புக்கு அதே நீதிமன்றத்திலும், மக்கள் நீதிமன்ற ஆணைக்கு உரிய சிவில் நீதிமன்றத்திலும் நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்குப் 12 வருடம் கெடு இருக்கிறது. ஆனால் வருடங்கள் போனால் ஆள் மாறும், கோப்பு தொலையும். ஆணையின் சான்றிட்ட நகல் வாங்கிய மாதமே போட்டுவிடுங்கள்.